கடற்கரை வீட்டில் பள்ளிக்கூடக் காலை: முதன்முதலாகப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த வீட்டில் ஜூன் மாதம் எப்படிப் போகும் என்பது பெற்றவர்கள் அறிந்ததுதான். எழுப்புவதில் தொடங்கும் இழுபறி, பல் தேய்க்கும்போது கெஞ்சலாகி, சாப்பாட்டில் அதட்டலாகி, வாசலில் அழுகையாக முடியும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிப் பக்கம் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் இதனுடன் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பல வீடுகளில் காலை நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. விடியலில் கரை சேரும் படகில் அப்பா இருப்பார். மீனைத் தரம் பிரிக்க அம்மா இருட்டோடு கிளம்பியிருப்பார். பாசி எடுக்கும் நாள்களில் பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலின் போக்கைப் பார்த்துத்தான் புறப்பட முடியும். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு முன்பே மதரசாவில் ஓதிவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஆகவே, ஆறரைக்கு எழ வேண்டும், ஆறே முக்காலுக்குப் பல் தேய்க்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டும் அட்டவணை இங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது. நேரம் தள்ளிப்போனாலும் எதற்குப் பிறகு எது என்ற வரிசை தள்ளிப்போவதில்லை. பிள்ளையின் காலையை அந்த வரிசையில் அமைத்து, அதை நடத்திச் செல்லும் பொறுப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பதற்கான வழிகளைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு இங்கே சொல்லும் சோழியும் விடுகதையும் எடுபடாது.

எப்போது தொடங்குவது

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத்தில்தான். விசைப்படகில் தொழில் செய்பவரின் வீட்டில் இதன் பொருள் என்னவென்றால், இரண்டு மாதமாக அப்பா கூடவே இருந்து பழகிய பிள்ளை, பள்ளி திறக்கும் அதே நாள்களில் அவரையும் கடலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஜூன் மாதத்து அழுகையில் பாதி பள்ளிக்கூடத்துக்கானது, மீதி இதற்கானது என்றே நான் கருதுகிறேன். எனவே காலை வரிசையைப் பள்ளி திறந்த பிறகு தொடங்காமல், மே மாதக் கடைசி வாரங்களில், அப்பா வீட்டில் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. அவரே முதலில் சொல்லிக்கொடுத்தால், அவர் இல்லாத காலையிலும் அது "அப்பா சொன்னபடி" நடக்கும்.

முதல் நாள் இரவில் முடிக்க வேண்டியவை

காலையில் நேரம் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் இரவில் செய்ய வேண்டியதைக் காலைக்கு வைத்திருப்பார்கள். சீருடை, உள்ளாடை, ரிப்பன், அடையாள அட்டை, பை ஆகிய எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். எடுத்து வைப்பது பிள்ளை, கூட நிற்பது நீங்கள். ஒரு நாற்காலியில் சட்டையை விரித்து, அதன் கீழே கால்சட்டையைத் தொங்கவிட்டு, அடியில் செருப்பை வைத்து, ஆளே உட்கார்ந்திருப்பதுபோல அமைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. அந்த ஆளுக்குப் பெயர் வைப்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கடற்கரை வீட்டுக்கென்றே சில முன்னேற்பாடுகள் உண்டு. உப்புக் காற்றில் துணி முழுதாகக் காய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ஈரம் பிசுபிசுக்கும் சட்டையைக் காலையில் போட மறுக்கும் பிள்ளையிடம் பிடிவாதம் என்று கோபிப்பதில் நியாயம் இல்லை. மாலையில் வந்ததும் சீருடையைக் களைந்து அலசிவிட்டால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்த ஓர் இரவு முழுவதும் கிடைக்கும். பைகளின் ஜிப்பும் ஜாமெட்ரி பாக்ஸின் மூடியும் இந்தக் காற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துவிடுங்கள். திறக்க முடியாத பைக்கு முன்னால் அழும் பிள்ளைக்கு எந்த விளையாட்டும் உதவாது.

எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம். 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. காலை ஆறரைக்கு எழ வேண்டிய ஆறு வயதுப் பிள்ளை இரவு ஒன்பதுக்குள் தூங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு சரிப்படும். பத்தரை வரை தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும் ஓடும் வீட்டில் காலையைக் கலகலப்பாக்கும் உத்திகளைத் தேடுவது வீண் வேலை. முதலில் படுக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகு மேலே படியுங்கள்.

சோழிப் பெட்டி

வரிசையைப் பிள்ளை கையால் தொட்டு உணரும்படி செய்வதுதான் இம்முறையின் நடுப்பகுதி. இதற்கு வேண்டியவை இரண்டு சிறிய ஓலைப்பெட்டிகளும் ஆறு சோழிகளும். பனை மிகுந்த இந்த மாவட்டத்தில் ஓலைப்பெட்டிக்குப் பஞ்சம் இல்லை. பல்லாங்குழிப் பலகை இருக்கும் வீட்டில் சோழியும் இருக்கும். இல்லையென்றால் புளியங்கொட்டை போதும். சிப்பி பொறுக்கப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போனால், உள்ளே உயிர் இருக்கும் எதையும் எடுக்கக்கூடாது, பவளத் துண்டுகளைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பவளங்களும் சில சங்கினங்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

பிறகு ஓர் அட்டையில் ஆறு வேலைகளைப் படமாக வரையச் சொல்லுங்கள்: கழிப்பறை, பல், குளியல், உடை, சாப்பாடு, பை. பிள்ளையின் கையாலேயே வரைந்த படமாக இருக்க வேண்டும். பல்துலக்கி மீன்முள்போல இருந்தாலும் பரவாயில்லை. கடையில் வாங்கிய வண்ண அட்டையைப் பார்க்காத பிள்ளை, தான் வரைந்ததைத் தினமும் பார்க்கும். அட்டையின் இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. காலையில் ஆறு சோழியும் இடப்பெட்டியில் இருக்கும். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளை ஓடிவந்து ஒரு சோழியை எடுத்து வலப்பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் விதி.

கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும்; ஆனால் இதில் நான்கு காரியங்கள் நடக்கின்றன. "அடுத்து என்ன?" என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்ல வேண்டிய தேவை குறைகிறது, "பல் தேய்ச்சியா, பல் தேய்ச்சியா" என்ற கேள்விக்குப் பதிலாக "எத்தனை சோழி மாறியிருக்கு?" என்று கேட்டால், அதட்டலின் இடத்தில் கணக்கு வந்துவிடுகிறது. இடப்பெட்டி காலியாவதைக் கண்ணால் காண்பதால் இன்னும் எவ்வளவு மீதி என்பது மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிகிறது. படகு தாமதமாகிக் காலையே அரை மணி நேரம் தள்ளிப்போனால்கூட வரிசை குலையாமல் இருக்கிறது.

சில எச்சரிக்கைகள். சோழியை நீங்கள் மாற்றாதீர்கள். பிள்ளை மறந்தால் ஜாடையாகப் பெட்டியைப் பாருங்கள், அது போதும். தண்டனையாகச் சோழியைத் திரும்ப எடுக்கவே கூடாது. ஆறு சோழிக்கு ஒரு ரூபாய், ஒரு மிட்டாய் என்று விலை பேசவும் வேண்டாம்; நான்காம் நாளே இரண்டு ரூபாய் கேட்கும் சாமர்த்தியம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. பரிசு கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால், வார இறுதியில் மாலைக் கடற்கரை, நுங்கு வண்டி செய்து தருவது, ஓலைக் காற்றாடி பின்னித் தருவது போன்று சேர்ந்து செய்யும் ஒன்றாக இருக்கட்டும். அண்ணன், தங்கை இருவர் இருந்தால் ஆளுக்கொரு பெட்டி வையுங்கள். யார் முதலில் என்ற போட்டியைக் கூடியவரை தவிருங்கள். தோற்பது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், காலை அழுகையும் அங்கிருந்துதான் கிளம்பும்.

மதரசாவுக்குப் போகும் பிள்ளைக்கு வரிசையை இரண்டாகப் பிரிக்கலாம். ஓதப் போகும் முன் கழிப்பறை, பல், குளியல். திரும்பி வந்ததும் உடை, சாப்பாடு, பை. இரண்டு கட்டத்துக்கும் நடுவே கால் மணி நேரம் சும்மா இருக்க விடுங்கள். உம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தாலும் சரி.

எழுப்பும் முறை

ஜூன் மாதத்தில் இந்தக் கரையில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் எழுந்துவிடும். ஜனவரியில் ஆறரை மணி ஆகிவிடுகிறது. அதே ஆறேகால் மணிக்கு ஜூனில் தானாக எழும் பிள்ளை மார்கழி, தை மாதங்களில் இருட்டில் புரண்டு படுப்பது இயல்பு. அந்த மாதங்களில் எழுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே கதவையோ சன்னலையோ திறந்து வையுங்கள், விளக்கைப் போடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி, முதுகில் கை வைத்து எழுப்புங்கள். ஆறரைக்கே "மணி எட்டாச்சு!" என்று கூவுவது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பொய். முதல் வாரம் பயன் தரும், அதன்பின் உண்மையாகவே எட்டானாலும் யாரும் அசைய மாட்டார்கள்.

எழுந்தவுடன் செய்ய ஒரு பதவி கொடுத்தால் பிள்ளை எழுந்துகொள்ளும். இங்கே நான் பரிந்துரைப்பது காற்று பார்க்கும் பதவி. வாசலுக்குப் போய், பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது, அல்லது கரையில் நிற்கும் படகின் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான், தெற்கிலிருந்து வந்தால் சோழகம். ஊருக்கு ஊர் பெயர் சற்று மாறும் என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் பெயரையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பார்த்து வந்ததும் நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கே. கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு காற்றின் பெயரை எழுதலாம். எழுதத் தெரியாத வயதில் அம்புக்குறி மட்டும் போதும். தாள்களை நூலில் கோத்து வைத்தால், கச்சான் எப்போது நின்று வாடை எப்போது பிடித்தது என்பது ஐப்பசியில் பிள்ளைக்கே தெரியவரும். இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் பிள்ளை படுக்கையை விட்டு எழுந்து, வெளிச்சத்தில் நின்று, வாய் திறந்து பேசியும் ஆகிவிடுகிறது.

மழைக்காலத்தில் இதற்கு இடையூறாக ஒன்று வரும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்த மறுநாள், பிள்ளைகள் கூண்டின் எண்ணைவிட மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா என்பதில்தான் குறியாக இருப்பார்கள். செய்தியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் வரிசை நின்றுவிடும். ஐந்து சோழி மாறிய பிறகுதான் விடுமுறைச் செய்தி கேட்கலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை என்றால் குளித்துச் சாப்பிட்ட பிள்ளை வீட்டில் இருக்கும். அதனால் இழப்பு ஏதும் இல்லை.

பல், குளியல், தலைவாரல்

பல் தேய்க்க இரண்டு நிமிடம் வேண்டும். 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு பற்பசை போதும். மேல் வரிசை, கீழ் வரிசை, இடம், வலம் என்று நான்கு மூலைக்கும் முப்பது வரை நீங்கள் எண்ணுங்கள், பிள்ளை தேய்க்கட்டும். கடைசிச் சுற்றை ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊர்களில் குளியலை நீட்ட முடியாது. ஆகவே ஒரு வாளிக்கு எத்தனை சொம்பு என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள், அல்லது உடம்பெல்லாம் மணலோடு வரும் மாலை நேரத்துக்கே முழுக் குளியலை மாற்றிவிட்டுக் காலையில் முகம், கை, கால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பித்தானைக் கீழிருந்து மேலாகப் போடப் பழக்கினால் ஏறுமாறாகப் போவது குறையும்.

தலைவாருவதுதான் பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை கட்டும் வீடுகளில் நெடுநேரம் எடுக்கும் வேலை, சிணுங்கலும் அங்கேதான். அந்த நேரத்தை விடுகதைக்கு ஒதுக்குங்கள். சிக்கெடுக்கும்போது ஒன்று போட வேண்டும்; ரிப்பன் கட்டி முடிப்பதற்குள் பிள்ளை அதை விடுவிக்க வேண்டும். "நீரிலே பிறப்பான், நீரிலே மறைவான், அவன் யார்?" என்று கேட்டால், வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்த பிள்ளை சட்டென்று உப்பு என்று சொல்லிவிடும். "ஆத்தா படுத்திருக்க, மகள் ஓடித் திரிகிறாள்" என்பதற்கு அம்மியும் குழவியும் விடை. மிக்ஸி மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு இது சற்றுக் கடினம், அப்பத்தாவிடம் கேட்டு வரச் சொல்லலாம். விடை தெரியாவிட்டால் பள்ளியில் தோழிகளிடம் கேட்டுவிட்டு மாலையில் சொல்லட்டும். பள்ளிக்கு எடுத்துச் செல்ல ஒரு கேள்வி இருந்தால், உள்ளே நுழைந்தவுடன் பேச ஒரு காரணமும் கிடைக்கிறது; புதிதாகச் சேர்ந்த, கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு இது பெரிய துணை. ஆண் பிள்ளைக்குத் தலைவார நேரம் ஆகாது என்பதால் விடுகதையைச் சட்டை மாட்டும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாடு

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் காலை உணவு பள்ளியிலேயே கிடைக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ளவர்களுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகத் தருகிறார்கள். அதிகாலையில் வீட்டை விட்டுப் போக வேண்டிய தாய்க்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள் என்பதால், அந்த நேரத்தைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுப்புங்கள். வீட்டில் ஒரு தம்ளர் பால், அல்லது கேப்பைக் கூழ் மட்டும் கொடுத்தால் பசியும் அடங்கும், அங்கே சாப்பிடவும் வயிற்றில் இடம் இருக்கும். சோழி வரிசையில் சாப்பாட்டுப் படத்தை அகற்ற வேண்டாம். தம்ளர் காலியானால் சோழி மாறும்.

வீட்டிலேயே சாப்பிட்டுப் போகும் பிள்ளையிடம் "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பூரி என்றுதான் பதில் வரும். "இட்லிக்குச் சட்னியா, நேத்து மீன்கொழம்பா?" என்று இரண்டுக்குள் ஒன்றைக் கேளுங்கள். பழைய சோறும் தயிரும் சின்ன வெங்காயமும் காலைச் சாப்பாட்டுக்குக் குறைந்தவை அல்ல. கைப்பேசியைக் காட்டி ஊட்டுவது வேகமாகத் தெரியும். படம் முடியாமல் பிள்ளை எழாது என்பதால் அந்த மிச்சம் வாசலில் கரைந்துவிடும்.

பெற்றோர் இல்லாத காலைகள்

அப்பா கடலிலும் அம்மா கரையிலும் இருக்கும் நாளில் வரிசையை நடத்துவது அப்பத்தாவோ அம்மாச்சியோ பக்கத்து வீட்டுச் சித்தியோதான். அவரிடம் முழு ஏற்பாட்டையும் முன்பே காட்டிவிடுங்கள். ஊட்டிவிடுவதும் சட்டை மாட்டிவிடுவதும் பாசத்தால் வருவது. அதைத் தடுத்து மனக்கசப்பு உண்டாக்குவதைவிட, "சோழியை மட்டும் அவனே போடட்டும், அத்தை" என்று ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வது நடக்கக்கூடியது. மூத்த பிள்ளையை மேற்பார்வைக்கு வைக்கலாம், பொறுப்பு முழுவதையும் அதன் தலையில் கட்டக்கூடாது. அதற்கும் பள்ளி உண்டு.

போகும் முன் அம்மா இடப்பெட்டியில் சோழிகளுக்கு அடியில் ஏதாவது ஒன்றை ஒளித்து வைத்துவிட்டுப் போகலாம்: ஒரு படம் வரைந்த துண்டுத்தாள், ஒரு வேப்பம்பூ, ஒரு புளியங்கொட்டை. கடைசிச் சோழியை எடுத்தால்தான் அது கிடைக்கும். அம்மா இல்லாத காலையில் பெட்டியைக் காலி செய்ய இதைவிட நல்ல தூண்டுதல் இல்லை. அப்பா கரை சேர்ந்து வீடு வரும்போது பிள்ளை கிளம்பிக்கொண்டிருந்தால், அந்த ஐந்து நிமிடத்தை அவர்களுக்குக் கொடுங்கள். என்ன மீன் பட்டது என்று பிள்ளை கேட்கும், அன்றைய காற்று என்ன என்று அவர் கேட்கலாம்.

வாசலிலிருந்து பள்ளி வரை

பை தோளில் ஏறியதும் கடைசிச் சோழி. அதன்பின் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைபெறுவதைச் சுருக்கமாக, தினமும் ஒரே மாதிரி செய்யுங்கள். பள்ளி வாசலில் நெடுநேரம் நின்று கையசைப்பது அழுகையை வளர்க்கும். வழியில் வேடிக்கை பார்க்க ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பன் பக்கத்துப் பிள்ளைக்கு ரயில் கடந்தால் கால் நகராது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூக்குப் பகுதி மேலே போவதைக் காணும் வாய்ப்பு கிடைத்துவிட்டால் பெரியவர்களே நின்றுவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் இல்லாத காலையில்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டிவரும்.

எங்கே சிக்குகிறது என்று பார்ப்பது

முதல் இரண்டு வாரம் ஓடிப்போய் மூன்றாம் வாரத்தில் சலிப்பு வருவது வழக்கம். அப்போது முழு ஏற்பாட்டையும் கலைத்துவிடாமல், எந்தச் சோழி தாமதமாகிறது என்று பாருங்கள். உடையில் நின்றால் பித்தானோ ஈரமோ காரணமாக இருக்கலாம். சாப்பாட்டில் நின்றால் எழுந்தவுடன் பசிக்காத உடம்பாக இருக்கலாம். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். படங்களைப் புதிதாக வரையச் சொன்னால் பழைய ஆர்வம் கொஞ்சம் திரும்பும்.

பை வரை எல்லாம் சரியாக நடந்து, கிளம்பும் நேரத்தில் மட்டும் தினமும் வயிற்றுவலி என்று சொன்னால், சிக்கல் வீட்டில் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, கழிப்பறைக்குப் போக பயப்படுகிறதா, கரும்பலகை தெரியவில்லையா என்று மாலை நேரத்தில் நிதானமாகக் கேளுங்கள். வகுப்பாசிரியரையும் நேரில் பாருங்கள். வலி விடுமுறை நாளிலும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை சோழிப் பெட்டிக்கு ஓய்வு கொடுக்கலாம். காற்று பார்ப்பதையும் நாள்காட்டி கிழிப்பதையும் பிள்ளை விடாது. எழும் நேரம் மட்டும் பள்ளி நாளைவிட ஒரு மணிக்கு மேல் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.